தூரமும் நேரமும்

நம் முன்னோர் தூரத்தை நேரத்தால் அளந்தனர். "அவ்வூர் இங்கிருந்து எவ்வளவு தொலைவு?" என்று வழிப்போக்கன் ஒருவன் வினவினால், "ஒரு நாழிகை வழி" என்று விடை வரும். நாழிகை என்பது 24 நிமிடம். அந்நேரத்தில் ஒருவன் நடந்து கடக்கக்கூடிய தொலைவே நாழிகை வழி எனப்பட்டது. மிக அண்மையில் உள்ள இடத்தைக் "கூப்பிடு தூரம்" என்றனர். உரக்கக் கூப்பிட்டால் குரல் சென்று சேரும் தூரம் என்பது அதன் பொருள். மைல் கல்லும் அளவுச் சங்கிலியும் வந்த பின்னர், தூரத்தைத் தனியாகவும் நேரத்தைத் தனியாகவும் கூறும் வழக்கம் நம்மிடையே பரவியது.

அவ்விரண்டுக்கும் உள்ள உறவை இவ்வாண்டு மலரின் வாயிலாக மாணவச் செல்வங்களுக்கும், பெற்றோர்களுக்கும், தோட்டத்தில் உழைக்கும் பெருமக்களுக்கும் எடுத்துரைக்க விழைகின்றோம். அதற்கு நாம் தேர்ந்துகொண்ட எடுத்துக்காட்டு ஐரோப்பாவில் உள்ள இரண்டு விமான நிலையங்களாகும். நம் செம்பனைத் தோட்டத்திற்கும் ஐரோப்பாவிற்கும் என்ன தொடர்பு என்று சிலர் எண்ணக்கூடும். சற்றே பொறுமையுடன் படித்து வந்தால் அத்தொடர்பு தானே விளங்கும்.

இலண்டன் மாநகரின் மேற்கே ஹீத்ரோ விமான நிலையம் உள்ளது. பாரிஸ் மாநகரின் வடகிழக்கே சார்ல்ஸ் டி கோல் விமான நிலையம் உள்ளது. முன்னது 1946-ஆம் ஆண்டில் பொதுமக்கள் பயணத்திற்குத் திறக்கப்பட்டது. பின்னது 1974-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. இவ்விரண்டிற்கும் இடையே உள்ள தூரம் ஏறத்தாழ 348 கிலோமீட்டர். கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்குச் சாலை வழியே செல்வோர் கடக்கும் தூரமும் ஏறக்குறைய இவ்வளவே. உலக உருண்டையின்மேல் ஒரு நூலை இழுத்துப் பிடித்து அளந்தாற்போன்ற மிகக் குறுகிய தூரம் இது என்பதை மாணவர்கள் மனத்திற் கொள்ளவேண்டும்.

இனி, ஆறாம் ஆண்டு மாணவர் எவரும் செய்யக்கூடிய கணக்கு ஒன்று. பயணிகள் விமானம் உயரே சீராகப் பறக்கும்போது மணிக்கு ஏறத்தாழ 800 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம் கிடைக்கும். 348-ஐ 800-ஆல் வகுத்து, அதனை 60-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 26 நிமிடம் என்று விடை வருகிறது. ஆனால், விமான நிறுவனங்களின் கால அட்டவணையைப் புரட்டிப் பார்த்தால், இப்பயணத்திற்கு 1 மணி 15 நிமிடம் முதல் 1 மணி 25 நிமிடம் வரை ஒதுக்கியிருக்கக் காண்கிறோம். அவற்றுள் குறைந்ததாகிய 75 நிமிடத்தையே எடுத்துக்கொண்டாலும், 26 போக எஞ்சிய 49 நிமிடம் எங்கே போயிற்று? கணக்குத் தவறா? அட்டவணை தவறா?

இரண்டும் தவறல்ல. நம் கணக்கு, விமானம் முழு வேகத்தில் பறக்கும் நேரத்தை மட்டுமே கண்டது. அட்டவணையோ, சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்திருக்கும் கட்டையை எடுத்து விமானம் நகரத் தொடங்கும் கணம் முதல், சென்றடைந்த இடத்தில் மீண்டும் கட்டை வைத்து நிறுத்தும் கணம் வரை உள்ள நேரம் அனைத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது.

அந்நேரத்தில் என்னென்ன நிகழ்கின்றன என்பதை ஒவ்வொன்றாகக் காண்போம். விமானம் தன் நிறுத்துமிடத்தை விட்டு நகர்ந்து, ஓடுதளத்தை நோக்கி மெல்ல ஊர்ந்து செல்லவேண்டும். ஹீத்ரோவில் ஓடுதளங்கள் இரண்டே இரண்டு. புறப்படக் காத்திருக்கும் விமானங்களோ பல. ஆகவே வரிசையில் நிற்கவேண்டும். வானில் எழுந்த பின்னரும் உடனே முழு வேகத்தை எட்டிவிட இயலாது. 10,000 அடி உயரத்திற்குக் கீழே பறக்கும் விமானங்கள் மணிக்கு 250 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 463 கிலோமீட்டர் வேகத்திற்குள் செல்லவேண்டும் என்பது பொதுவிதி. விமானம் மேலே ஏறி முழு வேகத்தை அடைந்து சிறிது நேரத்திற்குள், பாரிஸில் இறங்குவதற்காக மீண்டும் வேகத்தைக் குறைக்க வேண்டியதாகிறது. மேலும், வானத்திலும் சாலைகள் உண்டு. அவ்வழிகளைப் பின்பற்றியும், ஓடுதளம் நோக்கும் திசைக்கேற்ப வளைந்தும் செல்வதால், பறக்கும் தூரம் 348 கிலோமீட்டரைவிட மிகுந்துவிடுகிறது. பாரிஸிலிருந்து இலண்டனுக்குத் திரும்பும்போதோ இன்னொரு தாமதமும் உண்டு. ஹீத்ரோவில் இறங்க இடம் கிடைக்கும் வரை, நகரைச் சுற்றியுள்ள நான்கு வான் வட்டங்களுள் ஒன்றில், அடுக்கடுக்காக ஒன்றன்மேல் ஒன்றாக விமானங்கள் சுற்றிக்கொண்டிருக்கும்.

எடுத்துக்காட்டாக ஒரு நாளைய பயணத்தை இவ்வாறு பங்கிட்டுப் பார்க்கலாம்: இலண்டனில் தரையில் ஊர்ந்து காத்திருந்தது 18 நிமிடம், வானில் இருந்தது 47 நிமிடம், பாரிஸில் தரையில் ஊர்ந்தது 10 நிமிடம், ஆக மொத்தம் 75 நிமிடம். மணிக்கு 800 கிலோமீட்டர் பறக்கவல்ல விமானம், கட்டை எடுத்தது முதல் கட்டை வைத்தது வரை பார்த்தால், சராசரியாக மணிக்கு 278 கிலோமீட்டர்தான் சென்றிருக்கிறது. வேகம் என்பது பொறியின் ஆற்றல் மட்டுமன்று. வழியில் உள்ள தடைகளும் அதனைத் தீர்மானிக்கின்றன என்பது இதனால் புலனாகின்றது.

இதில் மாணவர்கள் விரும்பும் வேடிக்கை ஒன்றும் உண்டு. இலண்டனில் காலை 10.00 மணிக்குப் புறப்படும் விமானம் 75 நிமிடம் கழித்துப் பாரிஸை அடையும்போது, அங்குள்ள கடிகாரம் 12.15 என்று காட்டும். அதே விமானம் பிற்பகல் 1.00 மணிக்குப் பாரிஸை விட்டுப் புறப்பட்டால், இலண்டனை அடையும்போது அங்குள்ள கடிகாரம் 1.15 என்று காட்டும். போகும்போது இரண்டேகால் மணி. வரும்போது கால் மணி! பாரிஸ் நேரம் இலண்டன் நேரத்தைவிட ஒரு மணி முந்தியது என்பதே இம்மாயத்தின் காரணம். பிரான்ஸ் நாடும் முன்னர் இலண்டன் நேரத்தையே கொண்டிருந்தது. 1940-ஆம் ஆண்டில், ஜெர்மானியர் ஆக்கிரமிப்பின்போதுதான் அந்நாட்டுக் கடிகாரம் ஜெர்மனியின் நேரத்திற்கு மாற்றப்பட்டது. போர் முடிந்த பின்னரும் அவ்வாறே நிலைத்துவிட்டது.

கடிகாரத்தை மனிதன் மாற்றுவது நமக்கும் புதிதன்று. 1981-ஆம் ஆண்டு முடிந்து 1982 பிறந்த இரவில், தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் அரைமணி நேரம் முன்னே தள்ளி வைக்கப்பட்டதை நம் தோட்டத்துப் பெரியவர்கள் நன்கறிவர். சபா, சரவாக் மாநிலங்களின் நேரத்தோடு இணைவதற்காக அம்மாற்றம் செய்யப்பட்டது. சூரியன் தன் வழக்கப்படியே உதித்தது. வேலைக்குப் புறப்பட்டவர்கள்தாம் முன்னிலும் இருட்டில் எழுந்தனர்.

நிற்க. இலண்டனுக்கும் பாரிஸுக்கும் இடைப்பட்ட தூரம் அன்றும் இன்றும் ஒன்றே. ஆயின், அதனைக் கடக்கும் நேரம் எவ்வாறெல்லாம் மாறிவந்துள்ளது என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். 1909-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 25-ஆம் நாள், லூயி பிளேரியோ என்னும் பிரெஞ்சுக்காரர் தாமே உருவாக்கிய விமானத்தில் கடற்கால்வாயைத் தாண்டி இங்கிலாந்தின் டோவரில் இறங்கினார். அதற்குப் பத்தாண்டுகள் கழித்து, 1919 ஆகஸ்டு 25-ஆம் நாள், இலண்டனுக்கு மேற்கே உள்ள ஹவுன்ஸ்லோ திடலிலிருந்து பாரிஸின் லெ பூர்ஜே திடலுக்கு நாள்தோறும் செல்லும் விமானச் சேவை தொடங்கியது. முதல் நாள் சென்ற விமானத்தில் ஒரே ஒரு பயணி. அவருடன் செய்தித்தாள்களும் சில சரக்குகளும் சென்றன. பயணம் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் பிடித்தது.

1994-ஆம் ஆண்டில் கடலுக்கு அடியில் சுரங்க இருப்புப்பாதை திறக்கப்பட்டது. அதன் நீளம் 50 கிலோமீட்டர். அதில் ஏறத்தாழ 38 கிலோமீட்டர் கடலடியில் செல்கிறது. இன்று விரைவு இரயில் இலண்டனின் நடுவே புறப்பட்டுப் பாரிஸின் நடுவே சென்று நிற்க ஏறத்தாழ 2 மணி 20 நிமிடம் ஆகிறது. விமானத்தின் 75 நிமிடத்தைவிட இது மிகுதி என்று தோன்றும். ஆனால், விமானப் பயணி நகரிலிருந்து விமான நிலையத்திற்குச் செல்லவேண்டும், நெடுநேரம் முன்னதாகவே அங்கு இருக்கவேண்டும், சோதனைகளைக் கடக்கவேண்டும், இறங்கிய பின் மீண்டும் நகருக்குள் செல்லவேண்டும். வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை கணக்கிட்டால், பல வேளைகளில் இரயிலே முந்திவிடுகிறது. பயண நேரத்தை வாசலிலிருந்து வாசல் வரை அளப்பதே முறை என்பதனை மாணவர்கள் நினைவில் இருத்துதல் வேண்டும்.

பிரான்ஸ் நாடு இதனை எண்ணிப் பார்த்தே 2023-ஆம் ஆண்டு மே திங்களில் ஒரு சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. உள்நாட்டில் இரண்டரை மணி நேரத்திற்குள் இரயிலில் சென்றுவரத் தக்க வசதி இருக்குமாயின், அவ்விடத்திற்கு விமானம் விடுதல் கூடாது என்பதே அச்சட்டம். அதன்படி, பாரிஸின் ஓர்லி விமான நிலையத்திலிருந்து போர்தோ, நாந்த், லியோன் ஆகிய நகரங்களுக்குச் செல்லும் சேவைகளுக்கு இடமில்லாமற் போயிற்று. விமானம் கக்கும் புகையைக் குறைப்பதே இதன் நோக்கம். வேறு நல்ல வழி இருக்கும்போது, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தூரத்திற்குக்கூட விமானம் வேண்டியதில்லை என்று அந்நாடு முடிவு செய்தது.

அவ்வாறாயின், மூன்று கிலோமீட்டர்கூட இல்லாத தூரத்திற்கு விமானம் விடுவோரும் உண்டோ என்று கேட்டால், உண்டு என்பதே விடை. அதுவும் அதே ஐரோப்பாவில்தான்.

ஸ்காட்லாந்தின் வடமுனைக்கும் அப்பால் ஓர்க்னி என்னும் தீவுக்கூட்டம் உள்ளது. அதில் வெஸ்ட்ரே என்பது ஒரு தீவு. பாப்பா வெஸ்ட்ரே என்பது அதன் பக்கத்துத் தீவு. "பாப்பா" என்ற பெயரைக் கேட்டதும் நம் மாணவர்கள் சிரித்துவிட்டனர். அப்பெயர், முற்காலத்தில் அங்கு வாழ்ந்த கிறித்துவத் துறவியரை வடநாட்டு மாலுமிகள் அழைத்த சொல்லிலிருந்து வந்தது. நம் பாப்பாவிற்கும் அதற்கும் உறவில்லை. இவ்விரு தீவுகளின் விமானத் திடல்களுக்கும் இடையே உள்ள தூரம் 2.7 கிலோமீட்டர்தான். நம் முன்னோர் கணக்கில் ஏறத்தாழ ஒரு நாழிகை வழி. கால அட்டவணையில் இப்பயணத்திற்கு ஒதுக்கப்பட்ட நேரம் 2 நிமிடம். காற்றுச் சாதகமாக வீசிய ஒரு நாளில் 53 வினாடியிலேயே கடந்திருக்கிறார்கள். உலகிலேயே மிகக் குறுகிய நேர விமானச் சேவை இதுவே என்று உலகச் சாதனை நூல் பதிவு செய்துள்ளது.

1967-ஆம் ஆண்டு தொடங்கிய இச்சேவையில், இரண்டு விசிறிகள் பூட்டிய ஐலண்டர் என்னும் சிறு விமானம் ஓடுகிறது. நம் ஊர்ச் சிற்றுந்தில் ஏறக்கூடிய அளவே பயணிகள் அதில் அமர இயலும். விமானியின் பக்கத்து இருக்கையிலும் பயணி ஒருவர் உட்காரலாம். அத்தீவுக்குப் படகும் உண்டு. எனினும் அவ்வடகடலில் குளிர்காலத்துக் காற்றும் அலையும் கடுமையானவை.

பாப்பா வெஸ்ட்ரே தீவில் 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி வாழ்ந்தோர் 90 பேர். நம் தோட்டத்து லயத்து வீடுகளில் ஒரு வரிசையில் வாழும் மக்கள் தொகையே அது. ஆயினும், அங்கே ஒரு பள்ளி உண்டு. ஐயாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட கல்வீடு ஒன்றும் அத்தீவில் இன்றளவும் நிற்கிறது. வட ஐரோப்பாவில் எஞ்சியுள்ள மிகப் பழைய வீடுகளுள் ஒன்று அது. சுற்றுலாப் பயணிகள் வேடிக்கைக்காக அவ்விமானத்தில் ஏறுகின்றனர் என்பது மெய்யே. ஆனால் அச்சேவை அவர்களுக்காக ஏற்பட்டதன்று. தீவுக்குத் தீவு சென்று பாடம் நடத்தும் ஆசிரியர்களும், மருத்துவப் பணியாளர்களும், அலுவல் நிமித்தம் செல்லும் தீவு மக்களுமே அதனை அன்றாடம் நம்பி வாழ்பவர்கள். தீவுகளுக்கிடையேயான அச்சேவை இலாபத்தை மட்டும் நம்பி நடத்தப்படுவதன்று. பொதுச் சேவைக் கடமை என்று கருதி, ஓர்க்னியின் உள்ளாட்சி மன்றம் பொதுப்பணத்தைக் கொண்டு அதனைத் தாங்கி வருகிறது.

இவ்விரண்டு செய்திகளையும் அருகருகே வைத்து நோக்குவோம். பாரிஸுக்கும் போர்தோவுக்கும் இடையே ஐந்நூறு கிலோமீட்டர் அளவு தூரம் இருந்தும், விமானம் வேண்டாம் என்றனர். இரு தீவுகளுக்கிடையே 2.7 கிலோமீட்டர் தூரமே இருந்தும், விமானம் வேண்டும் என்றனர். இது முரண்பாடு அன்று. "இவ்வழி இல்லாவிடில் அம்மக்கள் எவ்வாறு செல்வர்?" என்ற ஒரே வினாவை இரண்டு இடத்திலும் கேட்டிருக்கிறார்கள்; விடை வெவ்வேறாக வந்திருக்கிறது. தூரத்தை இயற்கை வகுத்தது. ஆனால், அத்தூரம் ஒருவருக்குத் தடையா, இல்லையா என்பதை மனிதரே முடிவு செய்கின்றனர்.

இக்கருத்தை நாம் ஏட்டளவில் அறிந்திருந்தோம். அதனை நம் தோட்டத்திற்குக் கொண்டுவந்தவள் ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி.

இலண்டன்–பாரிஸ் கணக்கை நாம் கரும்பலகையில் எழுதி, 75 நிமிடம் என்று முடித்தபோது, அம்மாணவி எழுந்து, "ஐயா, என் அக்காளும் இடைநிலைப்பள்ளிக்குப் போக ஒன்றேகால் மணி நேரம்தான் பேருந்தில் இருந்தாள். அவள் பாரிஸுக்குப் போகவில்லையே!" என்றாள். வகுப்பே சிரித்தது. நமக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுடைய அக்காள் நம் பள்ளியில் பயின்றவள், கணிதத்தில் கெட்டிக்காரி. படிவம் மூன்றின் இடையில் பள்ளிக்குச் செல்வதை நிறுத்திவிட்டு, வீட்டோடு இருந்து தம்பியைப் பார்த்துக்கொள்கிறாள்.

அன்று மாலை அவர்கள் வீட்டிற்குச் சென்றோம். தாயார் செம்பனைப் பழம் பொறுக்கிவிட்டு அப்பொழுதுதான் திரும்பியிருந்தார். "தூரம் ஐயா, தூரம். நாலரைக்கு எழுப்பினால்தான் ஐந்தே முக்காலுக்குப் பேருந்து ஏறலாம். திரும்பி வர நாலு மணி ஆகிவிடும். புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டே தூங்கிப் போய்விடுவாள். பிள்ளை கரைந்து போகிறதே என்று நான்தான் போதும் என்று சொன்னேன்" என்றார். அவர் சொற்களில் சோம்பலும் இல்லை. கல்வியை இகழும் எண்ணமும் இல்லை. மகள்மீது கொண்ட இரக்கமே இருந்தது. அந்தத் தாயிடம் கல்வியின் சிறப்பைப் பற்றிச் சொற்பொழிவு ஆற்றுவதால் யாது பயன்?

நம் தோட்டத்திலிருந்து இடைநிலைப்பள்ளிக்கு நேர்வழித் தூரம் 18 கிலோமீட்டர். காலை 5.45-க்குப் புறப்படும் பேருந்து 7.00 மணிக்குப் பள்ளியைச் சேர்கிறது. அதாவது 75 நிமிடம். 348 கிலோமீட்டருக்கும் 75 நிமிடம். 18 கிலோமீட்டருக்கும் 75 நிமிடம். சராசரி வேகத்தைக் கணக்கிட்டால், மணிக்கு 15 கிலோமீட்டர்கூட இல்லை. மிதிவண்டியில் செல்லும் வேகம் அது.

விமானத்தின் 49 நிமிடத்தைத் தேடியதுபோலவே, இப்பேருந்தின் நிமிடங்களையும் தேடிப் பார்ப்போம் என்று மாணவர்களிடம் கூறினோம். இடைநிலைப்பள்ளிக்குச் சென்றுவரும் தம் அண்ணன், அக்காள்மாரிடம் ஒரு தாளைக் கொடுத்து, பேருந்து எங்கெங்கே எத்தனை நிமிடம் நிற்கிறது, எங்கே மெதுவாகிறது என்பதை ஐந்து நாட்கள் எழுதி வரச் செய்தனர். மாணவர்களே அவற்றைக் கூட்டி, ஐந்தால் வகுத்துச் சராசரி கண்டனர். விடை பின்வருமாறு வந்தது: நேர்வழியில் ஓடிய நேரம் 30 நிமிடம், வேறு இரு தோட்டப் பிரிவுகளுக்குள் நுழைந்து பிள்ளைகளை ஏற்றிவரும் நேரம் 20 நிமிடம், முச்சந்தியில் மற்றொரு வண்டியில் வரும் பிள்ளைகளுக்காகக் காத்துநிற்கும் நேரம் 12 நிமிடம், பாலத்தருகே குண்டும் குழியுமான செம்மண் சாலையில் ஊர்ந்து செல்வது 8 நிமிடம், பட்டணத்து நெரிசலில் 5 நிமிடம். மொத்தம் 75.

இவ்வட்டவணையைப் பெரிய தாளில் எழுதிப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் தொங்கவிட்டோம். பேருந்து உரிமையாளரையும் தோட்ட நிர்வாகத்தினரையும் அழைத்திருந்தோம். யார்மீதும் குறை கூறவில்லை, எண்களே பேசின. பேருந்து உரிமையாளர் நெடுநேரம் அத்தாளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பிரிவுகளுக்குள் செல்லும் வரிசையை மாற்றினால் முச்சந்தியில் காத்திருக்க வேண்டியதில்லை என்று தாமே கூறினார். நிர்வாகத்தினர் பாலத்தருகே சரளைக் கல் கொட்டிச் சமன்செய்து தந்தனர். அங்கே 8 நிமிடம் 3 ஆயிற்று. முச்சந்தியின் 12 நிமிடம் முற்றாக நீங்கியது. இப்பொழுது பேருந்து 6.02-க்குப் புறப்படுகிறது. பயணம் 58 நிமிடம்.

பதினேழு நிமிடம்தானே என்று எவரேனும் கேட்கலாம். காலையில் பதினேழு நிமிடம் கூடுதலாக உறங்கும் பிள்ளையைக் கேட்டால் அதன் அருமை தெரியும். வரும்போதும் அவ்வாறே மிச்சமாவதால், நாளொன்றுக்கு 34 நிமிடம் ஆகிறது. பள்ளி நாட்கள் ஐந்திற்கும் சேர்த்தால், வாரத்திற்கு ஏறத்தாழ மூன்று மணி நேரம் நம் பிள்ளைகளுக்குத் திரும்பக் கிடைத்திருக்கிறது. இதற்கு ஆன செலவு, சில பாரம் சரளைக் கல்லும் ஒரு பெரிய தாளுமே.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நாம் கூறவில்லை. மற்ற இரு தோட்டப் பிரிவுகளுக்குள் சென்று வரும் 20 நிமிடம் அப்படியே உள்ளது. அதனைக் குறைப்பதற்குத் தனியாக ஒரு சிற்றுந்து வேண்டும். அதற்குரிய பணம் சங்கத்திடம் இல்லை. படிப்பை நிறுத்திய அம்மூத்த பெண் இன்னும் பள்ளிக்குத் திரும்பவில்லை; அவளுக்காகத் தாயாரிடமும் இடைநிலைப்பள்ளியிடமும் பேசிக்கொண்டிருக்கிறோம். ஆனால், அவள் தங்கை அடுத்த ஆண்டு அப்பேருந்தில் ஏறுவாள். அவளைத் தடுக்கப்போவதில்லை என்று தாயார் நம்மிடம் சொல்லியிருக்கிறார்.

பெற்றோர்களே! "தூரம்" என்ற சொல்லோடு பேச்சை முடித்துவிடாதீர்கள். எத்தனை கிலோமீட்டர் என்று கேளுங்கள். எத்தனை நிமிடம் என்று கேளுங்கள். அந்நிமிடங்கள் எங்கே செலவாகின்றன என்று கேளுங்கள். கேட்டு எழுதிக்கொண்டு பள்ளிக்கு வாருங்கள். பாதையைச் செப்பனிட வேண்டுமா, நேரத்தை மாற்ற வேண்டுமா, வண்டி வேண்டுமா என்பதைக் கூடிப் பேசுவோம். தொண்ணூறு பேர் வாழும் தீவுக்கு ஆசிரியரைக் கொண்டுசெல்ல ஓர் அரசமைப்பு விமானம் விடுகிறது. நம் பிள்ளைகளைப் பட்டணத்துப் பள்ளிக்குக் கொண்டுசெல்ல நல்லதொரு வண்டி வேண்டும் என்று கேட்பது பேராசையாகாது. அதனை உரிய இடத்தில் பணிவோடும் எண்களோடும் கேட்பதற்கு நாம் தயங்கவேண்டியதில்லை.

மாணவச் செல்வங்களே! நீங்கள் ஒருநாள் ஹீத்ரோவிலிருந்து பாரிஸுக்குப் பறக்கக்கூடும். அப்பொழுது ஓடுதளத்தின் வரிசையில் விமானம் காத்து நிற்கையில், சன்னலோரம் அமர்ந்து நிமிடங்களை எண்ணிப் பாருங்கள். நாம் இங்கே சொன்ன கணக்குச் சரியா என்று சோதித்து எழுதுங்கள். அதற்குமுன் நாளைக் காலையிலிருந்தே செய்யக்கூடிய வேலை ஒன்றும் உண்டு. உங்கள் வீட்டு வாசலிலிருந்து நம் பள்ளி வாசல் வரை எத்தனை மீட்டர், எத்தனை நிமிடம் என்று அளந்து, கணக்கேட்டின் முதற் பக்கத்தில் எழுதி வாருங்கள். தூரம், நேரம், வேகம் என்னும் பாடத்தை அடுத்த ஆண்டு அங்கிருந்தே தொடங்குவோம்.

கல்வி கற்கும் வழியில் நம் தோட்டத்துப் பிள்ளை எவரும் பாதியில் இறங்கிவிடாதிருக்க வேண்டும் என்பதே நம் அவா. பெற்றோரும், தோட்டப் பெருமக்களும், ஆசிரியரும் ஒன்றுபட்டால் அவ்வவா நிறைவேறும் என்பதில் நமக்கு ஐயமில்லை.

வாழ்க தமிழ்ப்பள்ளி! வளர்க கல்வி!